வேலூர்த் தேர்தல் பற்றிய ஆய்வுக் கட்டுரை: எந்த இதழுக்கு அனுப்புவது?

2019 ஏப்ரலில், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பணப்புழக்கத்தைக் காரணம் காட்டி வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்து செய்யப்பட்டது. நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்கு இப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை. ஆகஸ்ட் 5 அன்று மீண்டும் நடந்த தேர்தலில் தி.மு.க.வின் கதிர் ஆனந்த் 8,141 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்கும் உரிய தேர்தல் முடிவுத் தாளான படிவம் 20-ஐ எடுத்து வைத்துக்கொண்டு, வாக்குச்சாவடி வாரியாக எண்களை அலசி, இந்தப் பகுதியைச் சேர்ந்த முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர் கட்டுரை எழுதி முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதை அவர் எங்கே அனுப்பலாம் என்பதே இங்கே அலசப்படுகிறது.

முதலில் விதிகள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2016 விதிமுறை கட்டாயப்படுத்தியது. 2022 நவம்பரில் வந்த விதிமுறை அந்தக் கட்டாயத்தை நீக்கியது. தரமான இதழ்களை அடையாளம் காட்ட 2019-இல் கொண்டுவரப்பட்ட கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டு, இதழின் தரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அந்தந்தக் கல்வி நிறுவனத்திடமே விடப்பட்டது. வேலைக்கான தேர்விலும் பதவி உயர்விலும் கட்டுரைகளுக்கு இன்னும் மதிப்பெண் உண்டு என்பதால் அவசரம் மட்டும் குறையவில்லை.

அந்த அவசரத்தை நம்பித்தான் கட்டணம் வாங்கிக்கொண்டு உடனே வெளியிடும் இதழ்கள் நடக்கின்றன. சில நாள்களில் வெளியீடு, கையோடு சான்றிதழ் என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்புகளை ஆய்வாளர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இவற்றில் போகும் பணத்தைவிடப் பெரிய இழப்பு, கட்டுரையைப் படித்துக் குறை சொல்ல ஒருவர்கூட இல்லாமல் போவதுதான். ஆம்பூரின் வாக்குச்சாவடி எண்களை மட்டும் வைத்து, ஒரு சமூகத்தார் இன்னாருக்கு வாக்களித்தார்கள் என்று நமது ஆய்வாளர் எழுதியிருந்தால், நல்ல மதிப்பீட்டாளர் அந்த வரியிலேயே நிறுத்திவிடுவார்: சாவடியின் மொத்தக் கணக்கிலிருந்து தனிமனிதர் வாக்கை எப்படிக் கண்டீர்கள், கள ஆய்வு ஏதாவது செய்தீர்களா என்று கேட்பார். அந்தக் கேள்வி வராமலே அச்சேறிய கட்டுரை, பிற்பாடு வாய்மொழித் தேர்விலோ நேர்காணலிலோ ஆய்வாளரைத் தனியே நிறுத்திவிடும். எனவே இந்த வழி அறவே வேண்டாம் என்பதே என் முடிவு. கருத்தரங்குகளில் பதிவுக் கட்டணத்தோடு சேர்த்து அச்சாகும் ஆய்வுக்கோவைகளைக் கட்டுரையின் முதல் வடிவத்தைப் பேசிப் பார்க்கும் இடமாக மட்டும் பயன்படுத்தலாம்.

உண்மையான போட்டி இரண்டு இதழ்களுக்கு இடையேதான் இருக்கிறது. 1966 முதல் மும்பையிலிருந்து வரும் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி, கட்டுரையாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை. பொருளியலார், சமூகவியலார், இதழாளர், அரசு அலுவலர் என்று பல துறையினர் அதைப் படிக்கிறார்கள். பணப்புழக்கமும் தேர்தல் ஆணையத்தின் அதிகாரமும்தான் கட்டுரையின் மையம் என்றால் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஆனால், அங்கே குவியும் கட்டுரைகளின் நடுவே ஒரே ஒரு தொகுதியின் கதை எடுபட வேண்டுமானால், அது இந்திய அரசியலுக்கு என்ன சொல்கிறது என்பதை முதல் பக்கத்திலேயே காட்டியாக வேண்டும். டெல்லியின் சமூக அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்டிஎஸ்-இன் தேர்தல் ஆய்வுப் பிரிவு லோக்நீதி, சேஜ் பதிப்பகம் வழியாக 2013 முதல் கொண்டுவரும் ஸ்டடீஸ் இன் இந்தியன் பாலிடிக்ஸ் ஆண்டுக்கு இருமுறை மட்டுமே வருகிறது. படிக்கும் வட்டமும் சிறியது. ஆனாலும், தேர்தல் எண்களோடு பழகியவர்களே அந்த வட்டத்தில் மிகுதி என்பதாலும், ஆய்வு முறைகளைப் பற்றி எழுதவே அங்கே தனிப் பகுதி இருப்பதாலும், படிவம் 20-ஐ முதன்மைச் சான்றாகக் கொண்ட கட்டுரைக்கு நான் இதையே முதலில் சொல்வேன். மறுத்தாலும் மதிப்பீட்டாளர் குறிப்பு கிடைக்க வாய்ப்புண்டு. அதை வைத்துத் திருத்தி அடுத்த இதழுக்கு அனுப்பலாம். ஒரே நேரத்தில் இரண்டுக்கும் அனுப்புவது மட்டும் கூடாது.

இந்திய அரசியல் அறிவியல் சங்கம் 1939 முதல் நடத்திவரும் இதழ் மரபுள்ளது. மூன்றாவதாக அதை வைத்துக்கொள்ளலாம். 1906 முதல் வரும் அமெரிக்கன் பொலிட்டிகல் சயின்ஸ் ரிவ்யூ போன்ற வெளிநாட்டு இதழ்கள் ஒரு தொகுதி ஆய்விலிருந்தும் பொதுக் கோட்பாடு ஒன்றை எதிர்பார்ப்பவை. ஆய்வேடு முழுமையடைந்த பிறகு அவற்றை நினைத்துப் பார்க்கலாம்.

யார் படிக்க முடியும் என்ற கேள்வியையும் விட்டுவிட முடியாது. ஒன்றிய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் 2025 முதல் அரசு நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. ஆகவே வேலூர் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி மாணவர் சேஜ் இதழைப் படிக்க வழியுண்டு. வாணியம்பாடியில் வாக்குச்சாவடி முகவராக உட்கார்ந்தவருக்கும், ஆய்வாளரிடம் மணிக்கணக்கில் பேசிய குடியாத்தத்து நெசவாளருக்கும் அந்த வழி இல்லை. வேலூர் அடங்கிய பழைய வடாற்காட்டு மாவட்டக் கிராமங்களை 1970களிலிருந்தே கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் உள்ளிட்ட பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த முடிவுகளில் பெரும்பகுதி ஆங்கில நூல்களிலேயே தங்கிவிட்டது. அது மறுபடி நடக்கக் கூடாது என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு.

ஆதலால் தமிழ் வடிவத்தை ஆங்கிலக் கட்டுரைக்கு மாற்றாக அல்லாமல், அதன் மறுபாதியாகவே திட்டமிட வேண்டும். அட்டவணைகளைக் குறைத்து, களத்தில் கேட்டதை விரித்து, சிற்றிதழிலோ நாளிதழின் நடுப்பக்கத்திலோ வெளியிடலாம். ஆங்கிலக் கட்டுரை ஏற்கப்பட்டதும் வரும் பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே, தமிழில் வெளியிடும் உரிமை தமக்கு வேண்டும் என்று இதழாசிரியருக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும்.