கேசட்டா, போனா? முட்டத்து அலையைப் பதிந்தபோது

ஓவியம் படிக்கும் நான் ஒலிப்பதிவில் இறங்கியபோது கையில் இருந்தவை இரண்டு: அப்பாவின் பழைய கேசட் ரெக்கார்டர், என் போன். இரண்டையும் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் கடற்கரைப் பாறைகளுக்கு எடுத்துப்போனேன்.

போனில் அலை தெளிவாக விழுந்தது. ஆனால் பெரிய அலை மோதிய இடத்தில் ஒலி வரம்பு தாண்டி, கரகரவென்று உடைந்துவிட்டது. கேசட்டில் அதே அலை கொஞ்சம் மழுங்கி, தடித்துக் கேட்டது. நாடாவின் 'உஸ்' இரைச்சல் கடலோடு கலந்துபோனதால் தொந்தரவாக இல்லை. பலத்த காற்று வீசும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் மட்டும் இரண்டுமே தோற்றன. மைக்கில் காற்று அறைந்த சத்தம்தான் மிச்சம்.

எனக்குக் கேசட் பிடித்துப்போன காரணம் வேறு. நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது. அப்படியென்றால் ஒரு நொடி அலையை அளவுகோல் வைத்து அளக்கலாம், பிளேடால் வெட்டலாம், காகிதத் துண்டு மாதிரி வரிசை மாற்றி ஒட்டலாம்! ஒலியைக் கையால் தொட்டது அன்றுதான். வெட்டும்போது மறுபக்கத்தில் பதிந்ததும் சேர்ந்தே போகும், அதைக் கவனிக்க வேண்டும். போனில் தவறாக வெட்டினால் மீட்டுக்கொள்ளலாம்.

நீண்ட பதிவுக்குப் போன்தான் சரி. 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடமே. கரமடி (கரையில் நின்று இழுக்கும் மீன்வலை) இழுப்பவர்களின் குரலைப் பதிய அடுத்த வாரம் போனோடு போகிறேன். ஒட்டுச் சித்திரம் மாதிரி ஒலி செய்ய, நாடாதான்.