தலைவர் யார் என்று காட்டச் சொன்ன நாய்ப் பயிற்சி

எங்கள் பத்து மாத லாப்ரடாருக்காக, வீட்டுக்கே வந்து கற்றுத்தரும் நாய்ப் பயிற்சிச் சேவை ஒன்றில் சேர்ந்தோம். நேரந்தவறாமை, கயிற்றை இழுக்காமல் நடக்கப் பழக்கிய விதம் ஆகியவற்றில் குறையே இல்லை. ஆனால் மூன்றாம் நாள், சாப்பாட்டுத் தட்டருகே நாய் உறுமியதும், அது எங்களை அடக்கப் பார்க்கிறது என்று சொல்லிப் பயிற்சியாளர் அதை மல்லாத்தித் தரையோடு அழுத்திப் பிடித்தார். வாலை ஒடுக்கி, கண்ணின் வெள்ளை தெரிய முகத்தைத் திருப்பி, உதட்டை நக்கியபடி அது கிடந்த கிடப்பை அவர் பணிவு என்றார்; நான் பார்த்தது அச்சம்.

நாய் தலைமைக்காக நம்மை அடக்கப் பார்க்கும் என்ற எண்ணத்தின் வேர், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்கள் தலைமைக்குப் போட்டியிடுவதைப் பற்றி விலங்கியலாளர் ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் கவனித்த உயிரியலாளர் டேவிட் மெக், ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் பெற்றோரும் குட்டிகளும் கொண்ட குடும்பமே என்று 1999இல் எழுதினார். உயிரியலில் ஆதிக்கம் என்பது ஒரு விலங்கின் பிறவிக் குணமன்று. இரண்டு விலங்குகள் மீண்டும் மீண்டும் மோதும்போது எது விட்டுக்கொடுக்கிறது என்பதைக் காட்டும் உறவு. சாதியும் சொத்தும் பதவியும் தரும் மனித அதிகாரத்தை அதோடு குழப்பி, ஒரு குட்டியின் மேல் ஏற்றுவது பெரும் தவறு.

பயிற்சியை நிறுத்திவிட்டு, தட்டருகே போகும்போதெல்லாம் வேகவைத்த கோழித்துண்டு ஒன்றைப் போட்டுவந்தோம். மூன்று வாரத்தில் உறுமல் நின்றது. அழுத்திப் பிடிக்கும் முறையைக் கைவிடாதவரை இச்சேவையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.