பழைய கம்ப்யூட்டருக்கு சத்தம் போடாத எஸ்எம்பிஎஸ்: எதை வாங்கலாம், எதை விடலாம்

என்கிட்ட இன்னும் ஒரு கோர் 2 டுவோ இ8400 (இன்டெலோட பழைய சிபியூ) போட்ட மெஷின் ஓடிட்டிருக்கு. டைப் அடிக்க, பாட்டு கேக்க, புது விண்டோஸ்ல வேலை செய்யாத ஸ்கேனரை ஓட்ட அது தாராளமா போதும், ஆனா ராத்திரி ரூம் அடங்கினதும் எஸ்எம்பிஎஸ் (சுவத்து கரண்ட்ட கம்ப்யூட்டருக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்கற டப்பா) ஃபேன் மட்டும் கொர்ர்னு கேட்டுட்டே இருக்கும். அதை மாத்தணும்னு இறங்கினப்ப எதெதை யோசிச்சேன், ஏன் சிலதை விட்டேன்னு சொல்றேன்.

முதல்ல சத்தம் நிஜமாவே எஸ்எம்பிஎஸ்ல இருந்துதான் வருதான்னு பாருங்க. ஒரு பேப்பரை குழல் மாதிரி சுருட்டி ஒரு முனைய காதுல வச்சு ஒவ்வொரு ஃபேன் பக்கமா கொண்டு போனா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிரும். பழைய ஹார்ட் டிஸ்க் போடுற சத்தத்துக்கு எஸ்எம்பிஎஸ் மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல.

அடுத்தது வாட். இ8400ஓட டிடிபி (முழு வேலைல சிபியூ வெளிய விடற சூட்டோட அளவு) 65 வாட்தான், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத இந்த மாதிரி மெஷின் சும்மா இருக்கும்போது 50, 60 வாட், முழு வேகத்துல ஓடினா 100 வாட்ட ஒட்டி எடுக்கும், அவ்வளவுதான். அதனால 300லருந்து 450 வாட் வரைக்கும் உள்ளதே தாராளம், 750 வாட் வாங்கறது வெறும் காசு செலவு.

முதல் போட்டி, பிராண்டே இல்லாத மலிவு எஸ்எம்பிஎஸ் எதிரா 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze, கரண்ட்ட எவ்வளவு குறைவா வீணாக்குதுன்னு காட்டற தர முத்திரை, கோல்டு அதுக்கும் மேல). மலிவுல ஸ்டிக்கர்ல 450 வாட்னு இருக்கும், கைல தூக்கினாலே காத்து மாதிரி இருக்கும், உள்ள ஹீட்சிங்க் சின்னது, இன்புட் ஃபில்டர்ல பாதி பார்ட்ஸ் இருக்காது. சூடு சரியா வெளிய போகாததால சின்ன ஃபேன் எப்பவும் வேகமா சுத்தியே ஆகணும், ஆக சத்தத்துக்குத்தான் மாத்தறோம்னா இது திரும்ப அதே இடத்துலதான் கொண்டு வந்து விடும். மதர்போர்டையும் சேத்து எரிக்க வாய்ப்பு இருக்கறதால இத நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பிரான்ஸ் ரேட்டிங் உள்ள நல்ல கம்பெனி 400 வாட்ல 120 எம்எம் ஃபேன் வரும், நம்ம மெஷினோட லோடுக்கு அது மெதுவாவே சுத்தும், சில சமயம் பக்கத்துல போய் கேட்டாதான் தெரியும்.

கோல்டு வாங்கினா இன்னும் அமைதியா இருக்குமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. 115 வோல்ட் டெஸ்ட்ல 20 சதவீத லோடுக்கு பிரான்ஸ் சுவத்துல இருந்து இழுக்கறதுல 82 சதவீதம் மெஷினுக்கு தரணும், கோல்டு 87. நம்ம 60 வாட்டுக்கு அதே சதவீதத்த வச்சு பாத்தா சுவத்துல இருந்து ஒண்ணு 73 வாட் இழுக்கும், இன்னொண்ணு 69, வித்தியாசம் 4 வாட். இந்த 4 வாட்டுக்காக ஃபேன் சத்தம் மாறப்போறதில்ல, அந்தக் காச ஒரு எஸ்எஸ்டில (சுத்தற பாகமே இல்லாத டிஸ்க்) போட்டா ஹார்ட் டிஸ்க் சத்தமே அடங்கிரும்.

ரெண்டாவது, ஃபேனே இல்லாத எஸ்எம்பிஎஸ். பேர கேட்டவுடனே ஆசையா இருக்கும், எனக்கும் இருந்துச்சு. விலை பிரான்ஸ விட பல மடங்குங்கறது ஒரு பக்கம், அதைவிட முக்கியமான விஷயம் பழைய கேபினெட்ல எஸ்எம்பிஎஸ் மேல்பக்கத்துல உக்காந்திருக்கும், நிறைய கேபினெட்ல பின்பக்கம் வேற ஃபேனே கிடையாது, சிபியூ சூட்ட வெளிய இழுத்து விடறதே எஸ்எம்பிஎஸ் ஃபேன்தான். அத எடுத்துட்டா சூடு உள்ளயே சுத்தி சிபியூ ஃபேன் கத்த ஆரம்பிக்கும், அப்புறம் தனியா ஒரு கேபினெட் ஃபேன் வாங்கணும். பிகோ பிஎஸ்யூன்னு மதர்போர்டு கனெக்டர்லயே குத்தற குட்டி போர்டு ஒண்ணு இருக்கு, வெளிய லேப்டாப் மாதிரி 12 வோல்ட் அடாப்டர். எஸ்எஸ்டி மட்டும் உள்ள சின்ன மெஷினுக்கு அது அருமை, ஆனா ஸ்டார்ட் ஆகறப்போ ஒவ்வொரு பெரிய ஹார்ட் டிஸ்க்கும் 12 வோல்ட்ல 2 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும், ரெண்டு மூணு டிஸ்க் வச்சிருக்கவங்க கணக்கு போட்டு பாத்துட்டு எடுங்க.

பழைய எஸ்எம்பிஎஸ்லயே ஃபேன மட்டும் மாத்தறதுதான் இருக்கறதுலயே மலிவு. ஆனா பிளக்க புடுங்கின பிறகும் உள்ள இருக்கற பெரிய கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம், எலக்ட்ரானிக்ஸ் வேலை பழகாதவங்க தயவுசெஞ்சு அந்த மூடிய திறக்காதீங்க. பழகினவங்களுக்கும் சொல்றேன், 2000க்கு அப்புறம் சில வருஷம் வந்த சரக்குல மோசமான கெப்பாசிட்டர் நிறைய இருந்துச்சு, தலை உப்பியிருந்தா புது ஃபேன் போட்டு பிரயோஜனம் இல்ல. செகண்ட் ஹேண்ட் எஸ்எம்பிஎஸ்ஸும் இதே காரணத்தால வேண்டாம், எத்தன வருஷம் எவ்வளவு சூட்டுல ஓடுச்சுன்னு வெளிய பாத்து கண்டுபிடிக்க முடியாது.

ஆக நான் எடுத்தது 400 வாட் பிரான்ஸ். வாங்கறதுக்கு முன்னாடி கனெக்டர் பாத்துக்கோங்க. பழைய போர்டுல 20 பின் இருந்தா 20+4னு பிரிக்கற மாதிரி உள்ளது சரியா உக்காரும். ஐடிஇ டிஸ்க் (அகலமான பட்டை கேபிள் உள்ள பழைய வகை) இருந்தா அதுக்கு பவர் குடுக்கற 4 பின் மோலெக்ஸ் கனெக்டர் எத்தனைன்னு எண்ணுங்க, இப்போ வர்றதுல அது ஒண்ணோ ரெண்டோதான். மோலெக்ஸ்ல இருந்து சாட்டாவுக்கு (புது டிஸ்க்கோட பவர் கனெக்டர்) மாத்தற ஒயர் வாங்கினா பிளாஸ்டிக்க உருக்கி ஊத்தி ஒட்டின மாதிரி உள்ளத தவிருங்க, அது உள்ளுக்குள்ள ஷார்ட் ஆகி தீப்பிடிக்கலாம்.

அத்லான் எக்ஸ்பி (2000களோட ஆரம்பத்துல வந்த ஏஎம்டி சிபியூ) காலத்து மெஷின் வச்சிருக்கவங்களுக்கு மட்டும் கணக்கே வேற. போர்டுல அந்த சதுரமான 4 பின் 12 வோல்ட் சாக்கெட் இல்லன்னா சிபியூ பெரும்பாலும் 5 வோல்ட்லதான் ஓடுது. இப்போ வர்ற எஸ்எம்பிஎஸ் பவரை எல்லாம் 12 வோல்ட்லதான் குடுக்கும், 5 வோல்ட்ல 15, 20 ஆம்பியர்தான் இருக்கும். அதனால மொத்த வாட்ட பாக்காம ஸ்டிக்கர்ல 5 வோல்ட் கட்டத்த பாருங்க, 3.3ம் 5ம் சேத்து எவ்வளவுன்னு ஒரு கட்டம் இருக்கும், அதையும். ஐஎஸ்ஏ கார்டு (ரொம்ப பழைய வகை ஸ்லாட்டுல மாட்டறது) இருந்தா இன்னொண்ணு, சில பழைய சவுண்ட் கார்டுக்கு மைனஸ் 5 வோல்ட் வேணும், புதுசுல அந்த லைனே கிடையாது. 1990கள் கடைசியில வந்த சில டெல் மெஷின்ல கனெக்டர் பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா ஒயர் வரிசை வேற, சாதா எஸ்எம்பிஎஸ் மாட்டினா போர்டு போயிரும். மாட்டறதுக்கு முன்னாடி ஒயர் கலர ஒண்ணு ஒண்ணா வச்சு ஒப்பிட்டுப் பாத்துட்டு அப்புறம் சுவிட்ச போடுங்க.