லேப்டாப் அரேஞ்சர்: நாலு வருஷ அனுபவமும் ஒரு சார்ஜர் சத்தமும்

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி போன வாரம் போனில் கேட்டான். "அண்ணா, செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார்க் அரேஞ்சர் வருது. அதை எடுக்கவா, உங்கள மாதிரி லேப்டாப் செட் பண்ணவா?" கார்க் ஒரு கீபோர்டு கம்பெனி. அரேஞ்சர் என்றால், இடது கையில் கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள்) பிடித்தால் தாளமும் பேஸும் பின்னணியும் தானே வாசிக்கிற கீபோர்டு. அந்த வேலையைத்தான் நான் லேப்டாப்பில் செய்கிறேன். அவன் கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் என் லேப்டாப்பில் சார்ஜர் பின் சொருகும் இடம் ஆட்டம் கண்டு, நாகர்கோவிலில் ஒரு கடையில் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். நாலு வருஷத்தில் இது இரண்டாவது முறை. கடுகடுவென்று ஏதோ சொல்லி போனை வைத்துவிட்டேன். அவன் கேட்டது நியாயமான கேள்வி, கையில் சேர்த்த காசைப் போடப் போகிறவன். அவனுக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என்னிடம் இருப்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். 61 கீ உள்ள ஒரு மிடி கன்ட்ரோலர் (தனக்கென்று சத்தமில்லாத கீபோர்டு, எந்தக் கீயை அழுத்தினோம் என்று லேப்டாப்புக்குச் சொல்லும்), 16 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் லேப்டாப், லேப்டாப்பின் சத்தத்தை வெளியே எடுக்கிற யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று. ஸ்டைல், அதாவது பின்னணித் தாளமும் இசையும், ஓட்டுவதற்கு வி-அரேஞ்சர் என்ற மென்பொருள், வாத்தியச் சத்தத்துக்கு கான்டாக்ட் என்ற மென்பொருள். கன்ட்ரோலருக்கும் இன்டர்ஃபேஸுக்கும் தனியாக கரண்ட் வேண்டாம், இரண்டும் லேப்டாப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். அதில் எனக்குக் கஞ்சத்தனம் இல்லை.

யமஹா ஸ்டைல் கோப்பு என்பது அடிப்படையில் ஒரு மிடி கோப்புதான், எதை எப்போது வாசிக்க வேண்டும் என்ற குறிப்பு மட்டும் இருக்கும், சத்தம் இருக்காது. இன்ட்ரோ, மெயின், ஃபில், எண்டிங் என்று இடம் பிரித்திருக்கும். நாம் இடது கையில் பிடிக்கிற கார்டுக்கு எந்தச் சேனல் எப்படி மாற வேண்டும் என்ற விதிகள் கூடவே வரும். மொத்தம் எட்டுப் பகுதி: 9-வது சேனலிலும் 10-லும் தாளம், 11-ல் பேஸ், 12-லும் 13-லும் கார்டு, 14-ல் பேட், 15-லும் 16-லும் ஃபிரேஸ். கீபோர்டிலும் இந்த வாய்ஸ்களை (வாத்தியச் சத்தங்களை) மாற்றலாம். ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருப்பதில் ஒன்றைத்தான் எடுக்க முடியும், மிஞ்சினால் அதன் நினைவகத்தில் இடமிருக்கிற அளவுக்கு வெளியிலிருந்து ஏற்றலாம். லேப்டாப்பில் எட்டுச் சேனலையும் எட்டு இடத்துக்கு அனுப்பலாம். எங்கே அனுப்புவது என்பது முழுக்க நம் இஷ்டம்.

எங்கள் குழுவில் தபேலா வாசித்த அண்ணன் ஒருவர் இருந்தார். வளைகுடாவுக்கு வேலைக்குப் போவதற்கு முந்தின மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டு மாடியில் வந்து உட்கார்ந்தார். மின்விசிறியை அணைத்துவிட்டு, சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, ஒரு மைக் வைத்தோம். 'நா', 'தின்', 'தே', 'கே', 'தா' என்று ஒவ்வொரு சொல்லையும் மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி, ரொம்ப ஓங்கி என நாலு அழுத்தத்தில் வாசித்துக் கொடுத்தார். வேர்த்து விறுவிறுத்துப் போனார். அதையெல்லாம் வெட்டி, கான்டாக்டில் கீகீயாக அடுக்கி, ஸ்டைலின் தாளச் சேனலை அதற்கு அனுப்ப எனக்கு மூன்று வாரம் ஆனது. முதல் தடவை ஒரு ஆறு எட்டு (6/8) தாளம் ஓடியபோது இடது தபேலாவின் அந்த 'கும்' வந்து விழுந்தது பாருங்கள், அது அவருடைய கைதான். உள்ளங்கையை அழுத்தி இழுக்கிற அந்த வளைவு அப்படியே இருந்தது. எந்தக் கடையில் எவ்வளவு கொடுத்தாலும் இது கிடைக்காது. நான் லேப்டாப்புக்கு மாறியதற்கு இந்த ஒரு 'கும்' போதும்.

கீயை அழுத்தியதும் சத்தம் வர ஆகிற தாமதத்தைப் பற்றி எல்லாரும் பயமுறுத்துவார்கள். அவ்வளவு பயப்பட ஒன்றுமில்லை. 44.1 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (லேப்டாப் சத்தத்தை அனுப்புமுன் சேர்த்துவைக்கிற அளவு) 256 வைத்தால் கிட்டத்தட்ட 6 மில்லி செகண்ட். காற்றில் சத்தம் ஒரு மில்லி செகண்டுக்கு ஒரு அடிக்கு மேல் போகும். அப்படியென்றால் மானிட்டர் பாக்ஸிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிற அளவுதான். டிரைவர் கொஞ்சம் கூடச் சேர்க்கும், அதையும் சேர்த்தாலும் கைக்குத் தெரியாது. இன்டர்ஃபேஸ் கம்பெனி கொடுக்கிற, தாமதத்தைக் குறைக்கிற ஏசியோ டிரைவரையே போடுங்கள், அவ்வளவுதான்.

இனி சார்ஜர்.

முதல் கச்சேரி கருங்கல் பக்கம் ஒரு கோவில் திருவிழா, குருசடி (சிலுவை வைத்த சிறு ஆலயம்) முற்றத்தில் மேடை. எல்லாவற்றையும் மாட்டி, மைக் செட் அண்ணாச்சி ஃபேடரைத் தூக்கினார். ம்ம்ம் என்று ஒரு முழக்கம். அதற்கு மேலே, மௌஸை நகர்த்தினால் கூடவே நகர்கிற ஒரு கீச்சுச் சத்தம். "மக்கா, பொட்டிக்குள்ள வண்டு இருக்கா?" என்று கேட்டுவிட்டு, அவரே வந்து என் சார்ஜரை உருவினார். கப்பென்று அமைதி. திரும்பச் சொருகினார், வண்டு வந்தது. உருவினார், போனது. அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. எனக்குத்தான் அன்றைக்குத் தெரியாது.

காரணம் இதுதான். மூன்று பின் சார்ஜராக இருந்தால் லேப்டாப்புக்கு அதன் வழியாக ஒரு எர்த் போகிறது. மிக்சருக்கு அதன் சொந்த வயரில் இன்னொரு எர்த். நம் ஆடியோ வயரின் உறை இந்த இரண்டையும் சேர்த்து ஒரு வளையமாக்கிவிடுகிறது. அந்த வளையத்தில் ஓடுகிற 50 ஹெர்ட்ஸ் கரண்ட்தான் முழக்கம். லேப்டாப்புக்குள் ஓடுகிற இரைச்சலும் அதே வழியில் வந்து கீச்சாகிறது. இரண்டு பின் சார்ஜராக இருந்தால் வளையம் இல்லை, ஆனால் சார்ஜருக்குள் இருக்கும் கெபாசிட்டர் வழியாகக் கொஞ்சம் கசிவு வரும். மெட்டல் உடம்புள்ள லேப்டாப்பை ஈரக்கையால் தொட்டால் சுர்ரென்று இருக்குமே, அது. அதுவும் மிக்சருக்குள்தான் போகும்.

இதற்கு நம் ஊரில் ஒரு வைத்தியம் உண்டு: எர்த் பின்னில் டேப் சுற்றுவது, அல்லது பின்னையே உடைப்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஆனி ஆடியிலும் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையிலும் ஒரு மழை என்று நனைகிற மாவட்டம் இது. ஈரத் தரையில் செருப்பில்லாமல் நிற்கிற பாடகரின் உதடு மைக்கில் படுகிறது. எர்த் என்பது அவருக்காக இருப்பது.

சரி, சார்ஜரை உருவிவிட்டு பேட்டரியிலேயே வாசிக்கலாம் என்றால், ஆறாவது பாட்டில் சத்தம் படபடவென்று பொரிந்தது. சார்ஜர் இல்லையென்றால் பேட்டரியை மிச்சம் பிடிக்க லேப்டாப் பிராசசர் வேகத்தைக் குறைத்துவிடும். தபேலாவும் பேஸும் ஸ்ட்ரிங்ஸும் சேர்ந்து வரும் இடத்தில் மூச்சு வாங்கும். பவர் செட்டிங்கில் பேட்டரிக்கான குறைந்தபட்ச பிராசசர் நிலையை 100 சதவீதம் ஆக்கினேன். யுஎஸ்பியைத் தூங்கவைக்கிற வசதியை அணைத்தேன். வைஃபை, புளூடூத் இரண்டையும் மேடையில் அணைத்தேன். பொரிவது குறைந்தது, நிற்கவில்லை. லேட்டன்சிமான் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, எந்த டிரைவர் இடைஞ்சல் செய்கிறது என்று காட்டும். அதை ஓட்டிப் பார்த்தால், பேட்டரி அளவைப் பார்த்துச் சொல்கிற டிரைவர்தான் அவ்வப்போது உள்ளே புகுந்து எல்லாவற்றையும் நிறுத்துகிறது. டிவைஸ் மேனேஜரில் போய் அதை முடக்கினேன். பொரிவது முழுசாக நின்றது. ஆனால் அதை முடக்கினால் பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று திரையில் தெரியாது!

யோசித்துப் பாருங்கள். மேடையில் மூன்றரை மணி நேரக் கானமேளா (மெல்லிசைக் கச்சேரி). பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே தாங்கும். எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல், கை ஒரு பாட்டில் இருக்க, கண் கடிகாரத்தில் இருக்கும். இடையில் யாராவது வாழ்த்துரை பேசும்போது ஓடிப்போய் சார்ஜரைச் சொருகி, அவர் முடிப்பதற்குள் உருவ வேண்டும். அந்தப் பின் சொருகும் இடம் ஆட்டம் கண்டதற்குக் காரணம் இதுதான். நாலு வருஷமாக ஒரு கச்சேரிக்கு ஐந்தாறு தடவை சொருகி உருவினால் எந்த லேப்டாப்தான் தாங்கும்?

ஆனால் இதே பேட்டரிதான் என்னைக் காப்பாற்றியதும். குலசேகரம் பக்கம் ஒரு கோவில் கொடை. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் இடி இடித்து கரண்ட் போனது. பாக்ஸ் செத்தது, லைட் செத்தது, ரிதம் பேட் செத்தது. என் பக்கம் மட்டும் லேப்டாப், கீபோர்டு, இன்டர்ஃபேஸ் மூன்றும் உயிரோடு இருந்தன. காதில் இருந்த ஹெட்போனில் ஸ்டைல் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது, அண்ணனின் தபேலா உட்பட. திரை வெளிச்சத்தில் பாடகர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஜெனரேட்டர் வந்ததும் நான் விரலைக் காட்டினேன், நின்ற இடத்திலிருந்தே சரணத்தை எடுத்தார். ஜனம் கை தட்டியது. பழைய கீபோர்டாக இருந்தால் திரும்ப ஆன் ஆகி, ரெஜிஸ்ட்ரேஷனை (அந்தப் பாட்டுக்குச் சேமித்து வைத்த அமைப்பை) தேடி, டெம்போ சரி பார்த்து என்று அந்தப் பாட்டு அதோடு போயிருக்கும்.

சார்ஜர் பிரச்சினைக்கு முறையான மருந்து டிஐ பாக்ஸ், சிக்னலை மட்டும் கடத்தி அந்த எர்த் வளையத்தை அறுக்கிற பெட்டி. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிற பாசிவ் வகையாகப் பார்த்து இரண்டு வாங்கினேன், கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் உள்ளது. வீட்டில் அருமையாக வேலை செய்தது. மேடையில் வேறு சிக்கல். டிஐயிலிருந்து வருவது மைக் அளவு சிக்னல், அதற்கு கேனான் (மூன்று பின் மைக் சொருகுகிற) இன்புட் வேண்டும். நம் பக்கம் மைக் செட்காரர்கள் கொண்டுவருகிற மிக்சரில் அத்தனை கேனானும் பாடகர்களுக்கும் தபேலாவுக்கும் போய்விடும். "கீபோர்டுக்கு இங்க குத்து மக்கா" என்று அவர்கள் காட்டுவது ஓரத்தில் இருக்கிற லைன் இன்புட்டைத்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது, எல்லாக் கீபோர்டுக்காரர்களும் அங்கேதான் குத்துகிறார்கள்.

அப்புறம் லைன் அளவுக்கே செய்த ஐசொலேட்டர் பெட்டி ஒன்று வாங்கினேன், கால் இஞ்ச் ஜாக் உள்ளே, கால் இஞ்ச் ஜாக் வெளியே. சார்ஜரைச் சொருகினேன். வண்டு இல்லை. அவ்வளவு நிம்மதி. கச்சேரி தொடங்கி இரண்டு பாட்டுக்குப் பிறகுதான் ஏதோ குறைகிறது என்று உறைத்தது. அண்ணனின் 'கும்' இல்லை. 'டொக்' என்று மட்டும் கேட்டது. அந்தப் பெட்டிக்குள் இருக்கிற சின்ன டிரான்ஸ்ஃபார்மரால் கனமான அடிச் சத்தத்தைத் தாங்க முடியாது, நிறைந்து நசுங்கிவிடும். மேல் சத்தமெல்லாம் பளிச்சென்று வரும், கீழே இருப்பதைத் தின்றுவிடும். எதற்காக இவ்வளவு பாடுபட்டேனோ அதையே எடுத்துக்கொண்டது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வழியை அப்புறம் கண்டுபிடித்தேன்: இன்டர்ஃபேஸ் வால்யூமை நன்றாகக் குறைத்து அனுப்பி, மிக்சரில் கெயினைக் கூட்டச் சொன்னால் முக்கால்வாசி திரும்ப வருகிறது. மீதிக் கால்வாசிக்காகத்தான் இன்றைக்கும் பெரிய மேடையில் சார்ஜரை உருவிவிட்டுக் கடிகாரம் பார்த்து வாசிக்கிறேன்.

குளச்சல் மாதிரி கடலோரத்தில் வாசிக்கிறவர்கள் ஜாக்குகளை மாதம் ஒரு தடவை கான்டாக்ட் கிளீனர் (அந்த மென்பொருள் இல்லை, மின் இணைப்பைச் சுத்தம் செய்கிற திரவம்) போட்டுத் துடையுங்கள். உப்புக்காற்று பித்தளையைப் பச்சையாக்கிவிடும். இது எந்தக் கீபோர்டுக்கும் பொருந்தும்.

தம்பிக்கு என் பதில்: நீ கார்க்கையே எடு. வாரத்துக்கு இரண்டு கச்சேரி, தனியாக பைக்கில் போகிறாய், சொருகினால் வாசிக்கிற ஒன்று உனக்கு வேண்டும். எடைதான் கூட, பின்னால் கட்டிக்கொள்ளலாம். அப்படியும் லேப்டாப்தான் என்று மனம் அடித்துக்கொண்டால், டைப்-சியில் சார்ஜ் ஆகிற லேப்டாப்பாகப் பார். 65 வாட்டோ 100 வாட்டோ கொடுக்கிற பவர் பேங்க்கை மேடையில் மாட்டினால் சுவர் கரண்ட்டுக்கும் உனக்கும் சம்பந்தமே இல்லை, வளையமும் இல்லை, வண்டும் இல்லை. சார்ஜ் ஏறிக்கொண்டிருப்பதால் வேகமும் பெரும்பாலும் குறையாது. என் லேப்டாப் பழையது, உருண்டைப் பின். எனக்கு அந்த வழி இல்லை.

கடையிலிருந்து நேற்று திரும்ப வாங்கிவிட்டேன். புது பின் கெட்டியாகப் பிடிக்கிறது. சனிக்கிழமை திங்கள்சந்தை பக்கம் கச்சேரி இருக்கிறது, அதற்கு இதைத்தான் கொண்டுபோகிறேன். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நடை வா தம்பி. முன்வரிசையில் உட்காராதே, இடது பக்கம் பேஸ் பாக்ஸ் பக்கத்தில் நில். மூன்றாவது பாட்டு ஆறு எட்டு. அதில் சார்ஜர் இருக்காது.