32 பேருக்கு விருந்து: வீட்டு அடுப்பா, பிரியாணி மாஸ்டரா, பக்கெட்டா?

குடியாத்தத்திலிருந்து பெரியப்பா வீடு, ராணிப்பேட்டையிலிருந்து அத்தை வீடு, பெங்களூரிலிருந்து அண்ணன்கள் இரண்டு பேர் குடும்பத்தோடு, சென்னையிலிருந்து தங்கை, உள்ளூரிலேயே சித்தி வீடு. குழந்தைகளைச் சேர்த்து எண்ணினால் 32 பேர். வருஷத்துக்கு ஒரு முறை, குளிர் காலத்து லீவில், வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் கூடுகிறோம். சித்தியைக் கொடுத்த இடம் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவக் குடும்பம். அதனால் கிறிஸ்துமஸும் எங்களுடையது, பொங்கலும் எங்களுடையது. எந்த நாளில் கூடுவது, யார் சமைப்பது என்ற பேச்சு அக்டோபரிலேயே தொடங்கிவிடும்.

ஆறேழு வருஷத்தில் எல்லா வழியையும் செய்து பார்த்துவிட்டோம். எதில் எது நன்றாக வந்தது, எது சொதப்பியது என்று எழுதி வைத்தால், இதே மாதிரி பெரிய குடும்பம் வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் தேதி. சமையலை விட இதில்தான் அதிகம் தடுக்கி விழுகிறோம்.

பொங்கல் என்றால் நமக்கு மூன்று நாள் சேர்ந்தாற்போல அரசு விடுமுறை. ஆனால் கர்நாடகத்தில் சங்கராந்திக்கு ஒரே நாள். பெங்களூர் அண்ணன்கள் காலையில் வந்து ராத்திரி கிளம்ப வேண்டியிருக்கும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது. போகிக்கு முந்தைய நாளில் காட்பாடி வந்து இறங்க நவம்பர் நடுவிலேயே காலையில் போனோடு உட்கார வேண்டும். கொஞ்சம் அசந்தால் வெயிட்டிங் லிஸ்ட். டிசம்பர் கடைசி வாரம் என்றால் இங்கே அரையாண்டு லீவு, அங்கேயும் தனியார் பள்ளிகள் பலவற்றில் கிறிஸ்துமஸ் லீவு. குழந்தைகள் இரண்டு மூன்று ராத்திரி தங்கலாம். ஒரே பாயில் படுத்துப் புரளும் அந்த ராத்திரிகளுக்காகத்தானே இவ்வளவும்.

சரி, டிசம்பர் என்றால் 25-ஆம் தேதியேவா? வேண்டாம் என்பேன். சித்தி வீட்டில் அன்றைக்கு விடியற்காலை ஆராதனை. இரண்டு மூன்று நாளாக அதிரசம், முறுக்கு, கலகலா சுட்டுக் களைத்தவர்கள், கோயிலுக்குப் போய்விட்டு வந்து, தெரு முழுக்கத் தட்டு அனுப்பிவிட்டு, மதியம் நம் வீட்டுக்கு ஓடி வர வேண்டும். சிரித்த முகமாகத்தான் வருவார்கள், ஆனால் பந்தியிலேயே கண் சொக்கும். 26-க்குப் பிறகு வரும் முதல் சனி அல்லது ஞாயிறுதான் எங்களுக்குச் சரிப்பட்டது. கறிக்கடையில் கூட்டம் குறைந்திருக்கும், மாஸ்டரும் கிடைப்பார். இன்னொன்று, சபரிமலை மண்டல பூஜை 26 அல்லது 27-ல் முடியும். வீட்டில் மாலை போட்டவர்கள் அதற்குள் மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றியிருந்தால் சாப்பாட்டுக் கணக்கே மாறும். மகரவிளக்குக்குப் போகிறவர்களுக்கு மாலை ஜனவரி வரை இருக்கும், அவர்களைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காலண்டரில் வைகுண்ட ஏகாதசி எங்கே விழுகிறது என்றும் பார்த்துவிடுங்கள். 2025-ல் அது டிசம்பர் 30. நாங்கள் முதலில் குறித்த தேதியும் அதுவே. பெரியம்மா அன்றைக்குப் பச்சைத் தண்ணீர் கூடப் பல்லில் படவிட மாட்டார். அவர் ஒரு மூலையில் விரதம் இருக்க, நாங்கள் கறி சாப்பிடுவதா? தேதியை மாற்றினோம்.

இனி சமையல்.

முதல் வழி, எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்வது. ருசியில் இதற்கு ஈடில்லை என்று ஆண்கள் எல்லாரும் சொல்வார்கள். 15 பேர் வரைக்கும் நானும் அதையே சொல்வேன். அதற்கு மேல் போனால் வீட்டு அடுப்பு ஒத்துழைக்காது. சீரக சம்பா ஒரு கிலோ, கறி ஒரு கிலோ போட்டால் பெரிய குக்கர் நிறைந்துவிடும். விருந்து நாளில் அது எட்டுப் பேருக்குத் தாராளமாகக் காணும். எங்கள் கூட்டத்துக்கு நான்கு தடவை ஏற்றி இறக்க வேண்டும். ஒரு ஈட்டில் உப்பு தூக்கலாக இருக்கும், அடுத்ததில் அரிசி குழையும். முதல் ஈடு ஆறிப் போயிருக்கும்போது கடைசி ஈட்டுக்கு வெங்காயம் வதங்கிக்கொண்டிருக்கும்.

அது கூடப் பரவாயில்லை. அப்படிச் சமைத்த வருஷங்களில் எடுத்த போட்டோக்களை ஒரு நாள் தேடிப் பார்த்தேன். கொல்லையில் எடுத்தது, மொட்டை மாடியில் எடுத்தது, வாசலில் வரிசையாக நின்று எடுத்தது எல்லாம் இருக்கிறது. அம்மா ஒன்றில் கூட இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்படிக்குள் போனவர், கடைசிப் பந்தி எழுந்த பிறகு ஒரு கிண்ணத்தில் ரசஞ்சோறு பிசைந்து நின்றுகொண்டே சாப்பிட்டிருக்கிறார். எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. எது ருசி, எது மலிவு என்பதெல்லாம் அப்புறம். சமைக்கிறவர்களும் பந்தியில் உட்கார முடிகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இதற்கு மாற்றாக, வீட்டுக்கு ஒரு பதார்த்தம் என்று பங்கு பிரித்தும் பார்த்தோம். குடியாத்தத்திலிருந்து குழம்பு தூக்கி வருவது சுலபமில்லை. இனிப்புக்கும் நொறுக்குக்கும் இந்த முறை நன்றாக ஒத்துவருகிறது, சாப்பாட்டுக்கு ஒத்துவரவில்லை.

இரண்டாவது வழி, பக்கெட் பிரியாணி. ஆம்பூர் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது கை தானாகவே போனுக்குத்தான் போகும். ஐந்து கிலோ பக்கெட், கூடவே கத்திரிக்காய், தயிர் பச்சடி எல்லாம் வந்து இறங்கும். பாத்திரம் கழுவும் வேலை கூட இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் கிறிஸ்துமஸ் அன்றைக்கே ஒரு கடையில் சொல்லி வைத்தோம். பன்னிரண்டரைக்கு வர வேண்டியது இரண்டே முக்காலுக்கு வந்தது. கடையைக் குறை சொல்லியும் பயனில்லை, அன்றைக்கு ஊரே அங்கேதான் நிற்கிறது. குழந்தைகளுக்குப் பிஸ்கட்டைக் கொடுத்துச் சமாளித்தோம். திறந்து பார்த்தால் மேல் பாதி நன்றாக இருந்தது, அடிப் பாதி களி. சூட்டோடு பிளாஸ்டிக் பக்கெட்டில் அள்ளி மூடினால் ஆவி வெளியே போக வழியில்லாமல் தண்ணீராகி அடியில் இறங்கும். சீரக சம்பா பொடி அரிசி, அந்த ஈரத்தைத் தாங்காது.

பக்கெட்தான் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு யோசனை. விசேஷ நாளைத் தவிருங்கள். வந்ததும் மூடியைத் திறந்து, அகலமான தட்டில் கொட்டி, மேலே வாழை இலை போட்டு வையுங்கள். அரை மணிக்குள் பரிமாறிவிட்டால் அருமையாகவே இருக்கும்.

ஹோட்டலில் ஹால் எடுப்பது, ஏலகிரியில் ரிசார்ட் போடுவது என்றும் சின்ன அண்ணன் சொன்னான். மலைக்குப் போகப் 14 கொண்டை ஊசி வளைவு. பெரியப்பாவுக்கு இரண்டாவது வளைவிலேயே தலை சுற்றும். ஹாலில் மணிக்கணக்கு பார்த்து எழுப்பி விடுவார்கள். இரண்டும் எங்களுக்கு ஆகாது.

மூன்றாவது, மாஸ்டரை வீட்டுக்கே கூப்பிடுவது. நான் கை காட்டும் வழி இதுதான்.

மேல்விஷாரம் பக்கத்திலிருந்து ஒரு பாய் வருகிறார். ஐந்து கிலோவுக்குக் குறைந்தால் வருவதில்லை; கூலி கிலோ கணக்கு. அவர் கொடுக்கும் லிஸ்டை எடுத்துக்கொண்டு முந்தின நாளே மண்டித் தெருவில் அரிசி, பட்டை, கிராம்பு, மிளகாய் எல்லாம் வாங்கி வைக்க வேண்டும், கறியைக் காலையில். தேக்சா என்கிற பிரியாணி அண்டாவும் கரண்டியும் அவருடையது. விறகு, இடம், தண்ணீர் நம்முடையது. டிசம்பர் மழை மாதம் என்பதை மறக்காமல் ஒரு தார்ப்பாய் கட்டி வைக்க வேண்டும்.

மிளகாய்த்தூள் அவருக்கு ஆகாது. காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து விழுதாக அரைத்துப் போடுவார். ஆம்பூர் பிரியாணியின் நிறமும் மணமும் அதில் இருந்துதான் வருகிறது. கறி ஒரு பக்கம் மசாலாவில் வேகும். இன்னொரு பக்கம் கொதிக்கும் தண்ணீரில் அரிசி. முக்கால் பதம் வந்ததும் வடித்து, மசாலாவில் கொட்டி, மூடி போட்டு, மூடியின் மேல் தணலை அள்ளி வைப்பார். விறகை வெளியே இழுத்துவிடுவார். அப்புறம் தம் முடியும்வரை யாரும் கிட்டே போகக் கூடாது. திறந்ததும் கரண்டியைக் குத்த மாட்டார். ஒரு தட்டை ஓரமாகச் சரித்து, அடியோடு சேர்த்து ஏந்தி எடுப்பார். ஒரு பருக்கை கூட உடையாது.

முதல் வருஷம் அம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கொல்லைக்குப் போனார். "பாய், உப்பு பாக்கட்டுமா?" என்று கேட்டதற்கு அவர் நிமிராமலே, "நீங்க போய் உக்காருங்கம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றார். அம்மா வந்து கூடத்தில் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் பந்தியிலேயே இரண்டு பேருக்கும் இலை போட்டோம். இந்தப் போட்டோ இருக்கிறது.

செலவு? சாமானும் கூலியும் விறகும் சேர்த்தால் பக்கெட்டை விடக் கொஞ்சம் கூடத்தான் ஆனது. எல்லா வீடும் பங்கு போட்டுக்கொண்டதில் யாருக்கும் பாரமாகத் தெரியவில்லை. ஐந்து கிலோ எங்களுக்கு அதிகம்தான். மிஞ்சியதைச் சூட்டோடு அக்கம் பக்கத்து வீடுகளுக்கு அனுப்பிவிடுகிறோம். கிறிஸ்துமஸ் தட்டு வந்த வீடுகளுக்கு அது பதில் தட்டும் ஆகிறது.

பாயிடம் எல்லாவற்றையும் விட்டுவிடுவதில்லை. கத்திரிக்காய் மட்டும் வீட்டில்தான். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கிடைத்தால் வேறு எதையும் வாங்க மாட்டோம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய காய் அது. காம்பில் முள் விரலைக் குத்தும், பார்த்து நறுக்க வேண்டும். சதைப்பற்று அதிகம் என்பதால் புளி ஊற்றி எண்ணெயில் சுருள வதக்கினாலும் கரைந்து போகாது. இதை முந்தின ராத்திரியே செய்துவிடலாம், மறுநாள் இன்னும் ருசி. இனிப்புக்கு அத்தை ராணிப்பேட்டையிலிருந்து வரும் வழியில் ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கி வந்துவிடுவார். உள்ளே பருப்பும் திராட்சையும் வைத்துப் பொரித்து ஜீராவில் ஊறியது. ஆளுக்கு ஒன்று போதும்.

மாலை போட்ட சாமிகள் வந்தால் அவர்களுக்கு மாடியில் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். கறி வீட்டுக்குள் வருவதற்கு முன்பே சாம்பார், பொரியல், பாயசம் முடிந்து அவர்களுக்குத்தான் முதல் இலை. அதை வீட்டு மனுஷர்தான் செய்ய வேண்டும், மாஸ்டரிடம் கொடுக்கக் கூடாது.

லீவு கிடைக்காமல் டிசம்பரைத் தவறவிட்டுப் பொங்கலுக்குத்தான் கூட முடியும் என்றால் என் தீர்ப்பு அப்படியே மாறும். பொங்கலன்றைக்கு மாஸ்டரும் வேண்டாம், பக்கெட்டும் வேண்டாம். வாசலில் பானை வைத்து, பச்சை மொச்சை, பூசணி, சர்க்கரைவள்ளி, கிழங்கு வகை எல்லாம் போட்ட பலகாய்க் குழம்பு ஒரே அண்டாவில். முந்தின ராத்திரி ஆளுக்கு ஒரு முறம் கொடுத்து மொச்சை உரிக்க உட்கார வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, குழந்தைகளுக்கும் அது விளையாட்டு. 32 பேர் ஆனாலும் வீட்டுச் சமையல் தாங்கும். கறி சாப்பிட ஆசைப்பட்டால் மாட்டுப் பொங்கலை நம்பாதீர்கள். அது திருவள்ளுவர் தினம், கறிக்கடை அடைப்பு. மறுநாள் கரிநாளன்று, அதாவது காணும் பொங்கலன்று, காலையில் வாங்கிக்கொள்ளலாம். பெங்களூர்க்காரர்கள் அதற்குள் ஊர் போயிருப்பார்கள், அந்த ஒரு குறைதான். கரிநாளை ஒட்டி அணைக்கட்டு, கே.வி. குப்பம் பக்கம் எருது விடும் விழா இருந்தால் பையன்கள் வீட்டில் தங்க மாட்டார்கள், சாப்பாட்டை அதற்கேற்ப முன்பின் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம் டிசம்பர்தான் என்று முடிவாகிவிட்டது. பாய்க்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. காலை டிபன் எங்களுடையது, இட்லியும் வடகறியும். ராத்திரிக்கு ரசமும் அப்பளமும் போதும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். கத்திரிக்காய் வதக்குவது இந்த முறை என் பொறுப்பு. அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பக்குவம் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.