வயிற்றைத் தொடாமலே ‘கேஸ்’ என்றார்: குடல்வால் வலி, ஒரு எச்சரிக்கை

தம்பிக்கு 19 வயது. ராத்திரி தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றான். சாப்பாடு வேண்டாம் என்று தள்ளிவிட்டான், பிறகு இரண்டு தடவை வாந்தி. விடியும்போது வலி தொப்புளை விட்டு வலது அடிவயிற்றுக்கு இறங்கியிருந்தது. உடம்பு லேசாகச் சுட்டது. வண்டியில் போகையில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் பல்லைக் கடித்தான், இருமக்கூடப் பயந்தான். இப்படிக் குலுங்கினால் வலிப்பதே ஒரு அறிகுறி என்று அன்று எனக்குத் தெரியாது.

அந்த மருத்துவர் நாற்காலியை விட்டு எழவில்லை. “கேஸ்தான்ப்பா, இந்த வயசுல சகஜம்” என்று ஒரு ஊசி போட்டு, பேதி மருந்தும் எழுதினார். குடல்வால் அழற்சிக்கு, அதாவது அப்பெண்டிக்ஸ் வீக்கத்துக்கு, வாய்ப்பிருக்கும் வயிற்றுவலியில் பேதி மருந்து ஆபத்து, குடல்வால் வெடிக்கக்கூடும். ஊசி வேறு விஷயம். வலி குறைந்தால் நோய் தெரியாமல் போகும் என்ற பழைய பயம் இப்போது இல்லை, மருத்துவமனையில் வைத்துத் தாராளமாகக் கொடுக்கிறார்கள். ஊசியைப் போட்டு வீட்டுக்கு அனுப்பியதுதான் தப்பு.

“அப்பெண்டிக்ஸா இருக்குமா டாக்டர்?” என்று நானே கேட்ட பிறகுதான் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எழுதினார். ‘குடல்வால் தென்படவில்லை’ என்று ரிப்போர்ட் வந்தது. “பாத்தீங்களா, அது இல்ல” என்றார். நானும் நம்பினேன். தென்படவில்லை என்றால் பார்க்க முடியவில்லை என்றுதான் பொருள். குடலில் இருக்கும் வாயு மறைத்திருக்கலாம், குடல்வால் பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம். அப்போது சில மணி நேரம் கண்காணிப்பில் வைத்து மறுபடி பரிசோதிக்க வேண்டும், இல்லையென்றால் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரியாக இருக்கின்றன என்பதை மட்டும் வைத்தும் தள்ளிவிட முடியாது.

மறுநாள் சாயங்காலம், “அக்கா, இப்ப வலியே இல்லக்கா” என்றான். அப்பாடா என்று நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். குடல்வால் வெடித்த நேரம் அதுதான். சில மணி நேரத்தில் குளிர் நடுக்கம், வயிறு பலகை மாதிரி ஆகிவிட்டது.

இரண்டாவது மருத்துவமனையின் அறுவை மருத்துவர் அவனை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, வலிக்காத இடது பக்கத்திலிருந்து அழுத்த ஆரம்பித்தார். இடது பக்கம் அழுத்தும்போதே வலது பக்கம் வலிக்கிறது என்றான். பிறகு வலது இடுப்பெலும்பின் முனையிலிருந்து தொப்புளை நோக்கி மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் மெதுவாக அழுத்திச் சட்டென்று கையை எடுத்தார். அழுத்தியபோது முனகியவன் எடுத்தபோது அலறினான். சார்லஸ் மெக்பர்னி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1889-லேயே எழுதிவைத்த இடம் அது. இரண்டு நிமிட வேலை.

வெடிக்காமல் இருந்திருந்தால் மூன்று சிறு துளை, ஒன்றிரண்டு நாளில் வீடு. சிக்கலில்லாத சிலருக்கு ஆன்டிபயாடிக் மட்டுமே கொடுத்துப் பார்ப்பதும் உண்டு; 2020-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் அப்படிப் போனவர்களில் பத்தில் மூன்று பேருக்கு 90 நாளுக்குள் அறுவை தேவைப்பட்டது. தம்பிக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. சீழைக் கழுவி, டியூப் வைத்து, ஒன்பது நாள் படுக்கை.

பிறகு பழைய சீட்டை எடுத்துப் படித்தேன். முதல் நாளே படித்திருக்க வேண்டும். அதில் அந்த மருத்துவரின் கையெழுத்தில் இருந்தது: ‘வயிறு மிருதுவாக உள்ளது, அழுத்தினால் வலி இல்லை.’

அவர் அழுத்தவே இல்லை.