டாம் பூனைக்கு யாருடைய இசை பொருந்துகிறது?

டாம் பூனை பேசுவதில்லை. அலறும், முனகும், எப்போதாவது ஓரிரு சொல் உதிர்க்கும், அவ்வளவுதான். அது எதற்கு ஆசைப்படுகிறது, எப்போது பயப்படுகிறது, எந்த நொடியில் தன் திட்டம் பாழாகிவிட்டது என்று உணர்கிறது என்பதையெல்லாம் நமக்குச் சொல்லும் பொறுப்பில் பாதி, பின்னணி இசையின் தலையில் விழுகிறது. 1940-ல் தொடங்கிய 'டாம் அண்ட் ஜெர்ரி' தொடர் பல கை மாறியது. ஒவ்வொரு முறையும் இசையமைப்பாளரும் மாறினார். ஒரே நகைச்சுவைப் பாத்திரத்துக்கு நான்கு விதமான இசை கிடைத்திருக்கிறது என்றால் ஒப்பிட்டுப் பார்க்காமல் விட மனம் வரவில்லை. கூடவே டாமுக்குப் போட்டியாக நின்ற வேறு சில பாத்திரங்களின் இசையையும் சேர்த்துக்கொள்கிறேன்.

முதலில் ஸ்காட் பிராட்லி. தொடரைத் தயாரித்த எம்ஜிஎம் நிறுவனத்தின் கார்ட்டூன் பிரிவு 1957-ல் மூடப்படும் காலம்வரை டாமின் இசை இவர் கையில்தான் இருந்தது. திரைப்படச் சுருள் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) என்ற கணக்கில் ஓடுகிறது. 12 சட்டங்களுக்கு ஒரு தட்டு என்று வைத்தால் நிமிடத்துக்கு 120 தட்டுகள். 8 சட்டங்களுக்கு ஒன்று என்றால் 180. டாம் எத்தனை சட்டங்களில் ஓர் அடி எடுத்துவைக்கிறது என்று இயக்குநர் குறித்துக் கொடுத்தால், அந்த அடி விழும் இடத்திலேயே சுரத்தையும் வைத்துவிடலாம். பதிவின்போது வாத்தியக்காரர்கள் காதுக்கருவியில் 'டிக், டிக்' என்ற ஓசையைக் கேட்டபடி வாசிப்பார்கள். டாம் நுனிக்காலில் பதுங்கி வரும்போது ஒவ்வோர் அடிக்கும் வயலின் தந்தியைச் சுண்டும் ஓசை துல்லியமாக விழுவது இந்தக் கணக்கினால்தான்.

அசைவுக்கு அசைவு இசை வைக்கும் இந்த முறைக்கு 'மிக்கி மௌசிங்' என்று பெயர். திரைப்பட இசைக்காரர்கள் அதைப் பெரும்பாலும் இளப்பமாகவே சொல்வார்கள். கண்ணுக்குத் தெரிவதைக் காதுக்கும் ஏன் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. திறமையில்லாதவர் கையில் இந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் பிராட்லி செய்தது அதற்கும் மேலே. டாமின் காலை மட்டும் அவர் பின்தொடரவில்லை. அதன் நம்பிக்கையையும் பின்தொடர்ந்தார். பொறி வைத்துவிட்டு டாம் கைகளைத் தேய்த்துக்கொள்ளும்போது இசை உண்மையாகவே வெற்றிக் களிப்பில் இருக்கும். இது எப்படியும் தோற்கப்போகிறது என்று இசை நமக்குக் கண்ணடிக்காது. டாமைப் போலவே அதுவும் நம்பி ஏமாறும். விழுகிற டாமைப் பார்த்து நமக்குச் சிரிப்பும் இரக்கமும் ஒன்றாக வருவதற்குக் காரணம் இது என்றே நினைக்கிறேன்.

1947-ல் வெளியாகி ஆஸ்கர் பெற்ற 'தி கேட் கான்செர்ட்டோ'வைப் பாருங்கள். டாம் கச்சேரி உடையில் வந்து, சபைக்குத் தலைவணங்கி, பியானோவில் இசைமேதை லிஸ்ட்டின் இரண்டாம் ஹங்கேரிய ராப்சொடியை வாசிக்கத் தொடங்குகிறது. பியானோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்த எலி ஜெர்ரிக்குத் தூக்கம் கெடுகிறது, சண்டை தொடங்குகிறது. கட்டையின் மூடி விரல்மேல் விழுகிறது. கட்டைகள் இருந்த இடத்தில் எலிப்பொறி வந்து உட்காருகிறது. டாம் கால்களாலும் வாசிக்கிறது. இத்தனைக்கும் நடுவில் கச்சேரி நிற்கவில்லை. டாமின் முகத்தில் ஒரு வித்துவானின் கர்வம் கலையவே இல்லை. அதன் விரல்கள் கட்டைகளில் போய்விழும் இடங்கள் நாம் கேட்கும் சுரங்களோடு ஒத்துப்போகின்றன. இசை முன்கூட்டியே தயாராக இருந்து, அதைக் கேட்டு வரைந்தால் தவிர இது நடக்காது. முடிவில் ஜெர்ரி உள்ளிருந்தபடி இறுதிப் பகுதியைத் திரும்பத் திரும்ப அடிக்க, டாம் கந்தலாகிச் சரிகிறது. கைத்தட்டலை எலி வாங்கிக்கொள்கிறது. இதில் நகைச்சுவைக்கென்று தனியாக எழுதிய இசை மிகக் குறைவு. லிஸ்ட்டின் கம்பீரமான இசை தன் வழியில் போகிறது. சிரிப்பு அதன்மேல் நிகழ்கிறது.

1944-ல் வந்த 'புட்டின் ஆன் தி டாக்' இன்னொரு கோடி. நாய்த் தலை ஒன்றைச் சுமந்துகொண்டு ஜெர்ரி நடந்துபோகும் காட்சிக்குப் பிராட்லி ஷோன்பெர்க்கின் பன்னிரண்டு சுர முறையைப் பயன்படுத்தினார். ஆதார சுரம் என்று ஒன்றை வைக்காமல் பன்னிரண்டு சுரங்களையும் சமமாக நடத்தும் முறை அது. அன்றைய கச்சேரி அரங்குகளில் பலருக்குப் பிடிபடாத அந்த இசையைக் குழந்தைகளும் பார்க்கும் ஒரு சிறு படத்தில் வைத்துவிட்டார். பதிவின்போது வாத்தியக்காரர்களே சிரித்ததாகப் பின்னாளில் எழுதியும் இருக்கிறார். எலியின் உடலில் நாயின் தலை என்ற பொருந்தாமையை எந்தப் பழகிய மெட்டும் இந்த அளவுக்குச் சொல்லியிருக்காது.

இதே காலத்தில் வார்னர் பிரதர்ஸில் கார்ல் ஸ்டாலிங் இருந்தார். டிஸ்னியின் 1929-ஆம் ஆண்டு 'தி ஸ்கெலிட்டன் டான்ஸ்' இவரது யோசனையில் பிறந்தது. 1936 முதல் 1958 வரை பக்ஸ் பன்னி முயலுக்கும் டாஃபி டக் வாத்துக்கும் ரோட் ரன்னர் பறவையைத் துரத்தும் கொயோட்டிக்கும் இசை கொடுத்தார். இவருடைய வழி வேறு. வார்னர் நிறுவனத்துக்குச் சொந்தமாக இசைப் பதிப்பகங்கள் இருந்ததால் அவற்றின் பாடல்களை எல்லாம் தாராளமாக எடுத்தாண்டார். சிவப்பு உடையில் ஒரு பெண் வந்தால் 'தி லேடி இன் ரெட்' பாடலின் மெட்டு ஒலிக்கும். சாப்பாட்டு மேசை வந்தால் காபியும் சாண்ட்விச்சும் பற்றிய பாட்டு. தமிழ்த் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிகளில் பழைய பாட்டின் ஒரு வரியை ஓடவிட்டுச் சிரிக்க வைக்கிறார்களே, அதே உத்தி. இதன் பலவீனமும் தெளிவு. பாட்டைத் தெரிந்தவருக்குத்தான் நகைச்சுவை எட்டும். ஸ்டாலிங்கோடு ஆண்டுக்கணக்கில் வேலை செய்த இயக்குநர் சக் ஜோன்ஸே இதைக் குறையாகச் சொன்னதுண்டு.

ஆனாலும் ஸ்டாலிங்கை ஒதுக்க முடியாது. ரேமண்ட் ஸ்காட் 1937-ல் எழுதிய 'பவர்ஹவுஸ்' என்ற இசையின் நடுப்பகுதியை அவர் தொழிற்சாலைக் காட்சிகளுக்கு எடுத்துக்கொண்டார். இன்று அந்த மெட்டைக் கேட்டாலே இயந்திரச் சக்கரங்கள் கண்முன் சுழல்கின்றன. ரோட் ரன்னர் மின்னலாய் ஓடும் காட்சிகள் சிலவற்றில் செக் இசையமைப்பாளர் ஸ்மெட்டனாவின் 'டான்ஸ் ஆஃப் தி கமீடியன்ஸ்' ஓடும். இவற்றில் மூலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே இல்லை. வேகம் நேரடியாகக் காதில் ஏறுகிறது. இன்னொன்றும் வார்னர் படங்களிடம் கற்க வேண்டியது: கொயோட்டி மலை விளிம்பிலிருந்து விழும்போது ஆர்கெஸ்ட்ரா அடங்கிவிடும். மெலிந்துகொண்டே போகும் ஒரு விசில், ஒரு சிறு இடைவெளி, அடியில் ஒரு பொட்டுப் புழுதி. அந்த இடைவெளியில் ஒரு தாளத் தட்டு வைத்திருந்தால்கூடச் சிரிப்பு செத்திருக்கும். ஒலி வல்லுநர் டிரெக் பிரவுனுக்கு ஸ்டாலிங் இடம் விட்டார். பிராட்லியிடம் இந்த அடக்கம் குறைவு. அவருடைய இசை மூச்சு விடுவது அபூர்வம்.

அடுத்தது பிங்க் பாந்தர் என்ற இளஞ்சிவப்புச் சிறுத்தை. இதுவும் ஏறக்குறைய ஊமைப் பாத்திரமே. ஆனால் இசை டாமின் இசைக்கு நேர் எதிர். 1963-ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்காக ஹென்றி மான்சினி எழுதிய மெட்டு, பிளாஸ் ஜான்சனின் டெனர் சாக்ஸபோனில் பதுங்கிப் பதுங்கி வருகிறது. டைட்டில் காட்சியை வரைபவர்களுக்கு மான்சினி தாளத்தின் வேகத்தை முதலிலேயே கொடுத்துவிட்டார். சிறுத்தை அந்த வேகத்தில் நடந்தது. அதாவது இங்கே பாத்திரத்தை இசை பின்தொடரவில்லை, இசைக்குள்தான் பாத்திரம் பிறந்தது. 1964-ல் வந்து ஆஸ்கர் பெற்ற 'தி பிங்க் ஃபிங்க்' குறும்படத்தில் ஒரு குட்டை மனிதர் வீட்டுக்கு நீல வண்ணம் அடிக்கிறார். சிறுத்தை அதை இளஞ்சிவப்பாக மாற்றிக்கொண்டே போகிறது. வில்லியம் லாவா அந்த மெட்டை வைத்தே முழுப் படத்துக்கும் இசை அமைத்தார். மனிதர் எவ்வளவு கொதித்தாலும் மெட்டு பதறுவதில்லை. சிறுத்தையின் அலட்சியமே இசையாக ஒலிக்கிறது.

செலவு என்று பார்த்தால் மான்சினியின் வழிக்கு ஈடில்லை. ஒரு நல்ல மெட்டு பல ஆண்டு உழைக்கும். பிற்காலக் குறும்படங்களில் அதே இசைத் துண்டுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தவும் செய்தார்கள். ஆனால் இந்த இசையால் ஒரு பாத்திரத்தைத் தவிக்க வைக்க முடியாது. சிறுத்தைக்குத் தவிப்பு கிடையாது, அதனால் அங்கே பிரச்சினை எழவில்லை. இதே மெட்டை டாமின் காலடியில் போட்டுக் கற்பனை செய்து பாருங்கள். அதன் ஆசை முழுவதும் வடிந்து, ஒரு மிடுக்கான பூனை மட்டும் மிஞ்சும்.

இனி டாமுக்கே திரும்பலாம். 1961-62-ல் ஜீன் டைச் இயக்கத்தில் பிராக் நகரில் 13 படங்கள் தயாராயின. பணம் குறைவு; வரைந்தவர்களுக்குப் பழைய படங்களோடு பழக்கமும் அதிகமில்லை. இசை ஸ்டெபான் கோனிசெக். சவுண்ட் எஃபெக்ட் மின்னணு இசைக் கலைஞரான டாட் டாக்ஸ்டேடர். அடி விழும் ஓசை ஏதோ காலி மண்டபத்தில் எழுவதுபோல எதிரொலிக்கிறது. இசை ஒரு பக்கம் போகிறது, பூனை ஒரு பக்கம் போகிறது. சிறுவயதில் இவற்றைப் பார்த்துப் பயந்ததாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அவர்களை நம்புகிறேன். ஒலியாக மட்டும் கேட்டால் துணிச்சலான வேலைதான். ஆனால் டாமுக்கு அடிபடும்போது அது விளையாட்டு அடி என்று நமக்கு உறுதி சொல்லும் குரல் பிராட்லியின் இசையில் இருந்தது. இங்கே அந்தக் குரல் இல்லை. அதனால் அடி நிஜமாகவே வலிக்கிறது.

1963 முதல் 1967 வரை சக் ஜோன்ஸ் 34 படங்களை உருவாக்கினார். யூஜின் போடானியும் டீன் எலியட்டும் முக்கிய இசையமைப்பாளர்கள். நேர்த்தியான, இனிமையான இசை. ஜோன்ஸின் டாம் புருவத்தை உயர்த்தி நின்று அழகு காட்டும் பூனை. இசையும் அழகு காட்டுகிறது. குறை சொல்ல எதுவுமில்லை; பார்த்து முடித்ததும் நினைவில் நிற்பதும் குறைவு.

1975-ல் தொலைக்காட்சிக்காக ஹன்னா-பார்பெரா தயாரித்த தொடர்தான் மிகவும் வருத்தம் தருகிறது. பழைய டாமைப் படைத்தவர்கள் இவர்களேதான். ஆனால் வன்முறை கூடாது என்ற காலம் அது. ஜெர்ரிக்குச் சிவப்பு போ டை கட்டி, இரண்டையும் நண்பர்களாக்கிவிட்டார்கள். ஹாய்ட் கர்டின் இசை. 1960-ல் தொடங்கிய 'தி ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' தொடருக்கு மறக்கமுடியாத ஜாஸ் இசை தந்த மனிதர் அவர். திறமைக் குறைவு என்று சொல்லவே முடியாது. ஆனால் அந்த நிறுவனத்தின் வழக்கம், இசைத் துண்டுகளை மொத்தமாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டு காட்சிக்கு ஏற்ப வெட்டி ஒட்டுவது. அந்தத் தொடரின் நாயகன் ஃபிரெட் ஃபிளின்ட்ஸ்டோன் வாய் ஓயாமல் பேசுபவர். நகைச்சுவை வசனத்தில் இருந்தது. இசை அடியில் ஓடிக்கொண்டிருந்தால் போதும். பேசாத டாமுக்கு அது போதவில்லை. டாம் ஓடினாலும் நின்றாலும் இசை தன்பாட்டுக்குத் தொடர்கிறது.

தயாரான இசையை எடுத்து ஒட்டுவதே தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. 1999-ல் தொடங்கிய 'ஸ்பாஞ்ச்பாப்' தொடர் இசை நூலகங்களில் கிடைக்கும் ஹவாய் கிடார் இசையையும் மாலுமிப் பாட்டு வகைகளையும் நிறையப் பயன்படுத்தியது. அங்கே தேர்ந்தெடுப்பவரின் காது கூர்மையானது. அந்தக் கடற்கரை விடுமுறை இசை ஸ்பாஞ்ச்பாப்பின் களங்கமில்லாத மகிழ்ச்சியை அப்படியே நம்புகிறது. தவிர, அவனும் பேசும் பாத்திரம்.

ஆக, என் தேர்வு பிராட்லிதான். பேசாத, எதற்காவது ஏங்கிக்கொண்டே இருக்கிற, உடம்பால் சிரிக்க வைக்கிற பாத்திரத்துக்கு அவருடைய வழியை மிஞ்ச எதுவும் இல்லை; அதில் வார்னர் படங்களின் இடைவெளியையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. அமைதியான, எதற்கும் அசையாத பாத்திரம் என்றால் மான்சினி. பேச்சில் சிரிக்க வைக்கும் பாத்திரம் என்றால் நல்ல காதுள்ள ஒருவர் தேர்ந்தெடுத்த தயார் இசை தாராளமாகப் போதும். எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்தாத ஒன்று உண்டு: இன்று பல குழந்தைத் தொடர்களில் வருகிற, ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் 'பொயிங்' என்று துள்ளி, "இது சிரிப்பு, சிரியுங்கள்" என்று கட்டளையிடும் இசை. அது பாத்திரத்தை முதலில் கேலி செய்துவிடுகிறது. அதற்குப் பிறகு நாம் அதன்மேல் அக்கறை கொள்ள வழியில்லை.

புதிதாகத் தொடர் எடுப்பவர்கள் வாத்தியங்களைப் பற்றி யோசிப்பதற்கு முன் வேலையின் வரிசையை யோசிக்க வேண்டும். லிஸ்ட்டைக் கேட்டு டாமின் விரல்களை வரைந்தார்கள்; மான்சினியின் வேகத்தைக் கேட்டுச் சிறுத்தையை நடக்க வைத்தார்கள். படம் வரைந்து, குரல் சேர்த்து, ஒளிபரப்புத் தேதியும் நெருங்கிய பிறகு இசையமைப்பாளரிடம் கொடுத்தால் அவர் யாராக இருந்தாலும் இடைவெளிகளை அடைத்துத் தருவதைத் தவிர வேறு வழியில்லை. கதைப்பலகை தயாராகும் வாரத்திலேயே அவரைக் கூப்பிட்டு, பாத்திரம் எந்த வேகத்தில் நடக்கிறது என்று கேளுங்கள்.